நாலரை மணி ஃபோன்

தனியாக வாழவும் முடியாது, ஆஸ்பத்திரியில் கிடக்கவும் தேவையில்லை என்கிற ஆறு பேர் சேர்ந்து தங்கியிருந்த வீடு அது. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள். அவளை எல்லோரும் ‘நைட்டக்கா’ என்றார்கள்; அவளைவிட இருபது வயது மூத்தவர்களும்தான்.

நைட்டக்காவுக்கு ஏழு வயதில் ஒரு மகள். சாயங்காலம் கிடைக்கிற கொஞ்ச நேரமும் சமையலிலும் வீட்டுப்பாடத்திலும் ஓடிவிடும். தூங்க வைப்பது அப்பா, எழுப்புவது அப்பா, தலை பின்னுவதும் அப்பா. “அப்பா உன்னவிட நல்லா பின்றாரும்மா” என்று மகள் சொன்ன அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் அறையில் டீச்சர் இருந்தார். ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. மத்தியானம் படுத்தால் பொழுது சாய்ந்துதான் எழுவார். இரண்டு மணிக்கு நைட்டக்கா எட்டிப்பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

“தம்பி ஃபோன் பண்ணானா?”

“இல்லையே டீச்சர்.”

“பரவால்ல. வேலை இருக்கும்.”

அந்தப் ‘பரவால்ல’வைத்தான் நைட்டக்காவால் தாங்க முடியாது.

ஒரு ராத்திரி, மாத்திரை மாற்றிய தேதியைத் தேடி, பகல் வேலைக்காரர்கள் எழுதும் நோட்டைப் புரட்டினாள். ‘தம்பி ஃபோன். டீச்சர் தூக்கம். எழுப்பவில்லை.’ முந்தைய ஞாயிறும் அதே வரி. அதற்கு முந்தைய ஞாயிறும். கையெழுத்துதான் வேறு வேறு. பதினொரு மாதம்! ராத்திரி நோட்டில் அவளே எழுதியிருந்தாள்: ‘விழித்திருக்கிறார். தம்பியைக் கேட்டார்.’ இரண்டையும் சேர்த்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

காலையில் அவள் காட்டியதைப் படித்து மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, தம்பியின் நம்பரைக் கொடுத்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்தே பேசினாள்.

“அக்காவுக்கு என்னாச்சுங்க?” தம்பி பதறினார்.

“ஒண்ணும் ஆகலைங்க. அவங்க பகல்ல தூங்கிடுறாங்க, ராத்திரி பூரா உங்களக் கேட்டுட்டு முழிச்சிருக்காங்க.”

“எங்கூடப் பேசப் பிடிக்காம, தூங்குறேன்னு அக்காதான் சொல்லச் சொல்றாளோன்னு நெனச்சேங்க.”

“நீங்க எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?”

“நானா? பால் வண்டி ஓட்டுறேங்க. நாலரைக்கே வந்துடுவேன், லோடு ஏத்துற வரைக்கும் சும்மாதான் நிப்பேன்.”

மறுநாள் விடிகாலை நாலரைக்கு ஃபோன் அடித்தது. டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார்.

“அக்கா... நான்தான்.”

டீச்சர் கேட்டார்: “வெளியிலயா நிக்கிற? பனிக்குக் காத மூடிக்கிட்டியா?” அடுத்த மூச்சில், “டேய், ஏழெட்டு எவ்ளோ?”

“அம்பத்திநாலு.”

டீச்சர் சிரித்த சிரிப்பில் நாலாம் அறைக்காரர் சுவரைத் தட்டினார். “சின்ன வயசுல சொன்ன அதே தப்பு, இன்னும் திருந்தல பாரு இவன்!” என்று டீச்சர் நைட்டக்காவிடம் சொன்னார். கண்ணீர் மோவாய் வரை வந்திருந்தது.

நைட்டக்கா வராந்தாவுக்கு வந்துவிட்டாள். சந்தோஷம்தான், ஆனாலும் மகள் நினைப்பு வந்துவிட்டது. ஆறரைக்கு வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

“என்னங்க, பாப்பாவ எழுப்பிட்டீங்களா?”

“இனிமேதான்.”

“ஃபோன அவ காதுகிட்ட வைங்க.” வைத்தார். “செல்லம், எந்திரிம்மா.”

“ம்... அம்மாவா? எங்க இருக்க?”

“வேலையிலடா.”

“வீட்டுக்கு வந்து எழுப்பு” என்று சொல்லிவிட்டு மகள் மறுபடி தூங்கிப்போனாள். அந்தச் சின்ன மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. புருஷன் ஃபோனை எடுக்கும்வரை அவள் அசையவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி லீவு கேட்டு வாங்கினாள். சனிக்கிழமை ஸ்கூல் கிடையாது. யாரையும் எழுப்ப வேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் ஆறரைக்கே போய்க் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, மகள் தானாகக் கண் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.