தடைபோட்ட சொல்

தையல்கார அக்காவின் கடையில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை. 'தவறி' என்று யாரும் வாயெடுக்கக் கூடாது. காவல் நிலையத்துக்குத் தன் காலால் நடந்துபோன அவள் தம்பி பிணமாகத் திரும்பியபோது, போலீஸ்காரர்கள் 'படியில் தவறி விழுந்தான்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்த நிலையத்து வாசலில் இருப்பதே மூன்று படிதான். அதில் விழுந்தவனுக்கு விலா எலும்பெல்லாம் எப்படி நொறுங்கியதோ, அவர்களுக்கே வெளிச்சம்.

நீதி கேட்டு அந்தக் கடையில் கூடுகிறவர்கள் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், எல்லார் டீ டம்ளரையும் கழுவ வேண்டும். 'பஸ்ஸைத் தவறவிட்டுட்டேன்' என்று சொன்ன டீச்சரம்மாகூடத் தப்பவில்லை. இதில் ரொம்பக் கறாரான ஆள் மைக்செட். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன், தம்பியின் கூட்டாளி. அன்றைக்கு அதே லாக்கப்பில் இருந்தவன், அடித்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள். நாளைக் காலை விசாரணையில் அவன் வாயைத் திறந்தால்தான் வழக்கு நிற்கும்.

அக்கா ஊர்வலத்துக்கான பேனருக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் பின்னால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மைக்செட் வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"தம்பி தவறினதுலேருந்து நீங்க சரியாவே தூங்கறதில்லக்கா. உடம்பப் பாத்துக்குங்க."

அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது. "மாட்டினியா! எழுந்திருடா, டம்ளரக் கழுவு."

வேறு நாளாக இருந்தால் வக்கீல் கணக்காய் வாதாடுவான். இன்று ஒரு பேச்சும் பேசாமல் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தான். அவள் தையலை நிறுத்தினாள்.

"நாளைக்கு என்ன சொல்லப்போறே?"

"அக்கா..."

"என்னப் பாத்துச் சொல்லு."

"நான் எதையும் பாக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன்." தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. "என்மேல போட்ட கேஸ எடுத்துடறேன்னாங்க. நானும் பிள்ளகுட்டிக்காரன்க்கா."

பாவி, இவனுக்குத் தன் கையால் எத்தனை வேளை சோறு போட்டிருப்பாள்! திட்ட வாயெடுத்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நிலையம் இருக்கும் தெருப்பக்கமே தனியாகப் போகாதவன் இவன்.

"உன்ன அங்க கூட்டிட்டுப் போனது யாரு?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான். இஸ்திரி போடும் சத்தம் நின்றிருந்தது.

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர். "அடுத்தது உன்னத்தான் தூக்குவோம்னு போலீஸ்காரங்க எங்கிட்ட சொல்லி மிரட்டினாங்க. போனவன் திரும்பி வரப்போறதில்ல. இருக்கறவங்கள நான் காப்பாத்த வேணாமா?"

ஊர்வலம்தோறும் பேனரின் மறுகோலைப் பிடித்து அவள்கூடவே நடந்த மனுஷன். வெளியாள் காலை வாரினால் காறித் துப்பலாம். இவரை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகைகூட வரவில்லை.

"அடி தாங்காம தம்பி யாரக் கூப்பிட்டான் தெரியுமா?" என்றாள். "அம்மாவ இல்ல. என்னையும் இல்ல. 'மாமா வாங்க, மாமா வாங்க'ன்னு உங்களத்தான் கூப்பிட்டிருக்கான், இவன்தான் எங்கிட்ட சொன்னான். கேட்டா நீங்க இடிஞ்சு போயிடுவீங்கன்னு இத்தன நாளா எனக்குள்ளயே வச்சிருந்தேன்."

அவர் மைக்செட்டைப் பார்த்தார். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தவன், அதைக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை.