டாக்டர் வந்து சொல்வார்

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கரண்டியால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, லிஃப்ட் மெக்கானிக் சுவரில் ஒட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடகடவென்று படித்தார். மனைவி அட்டையின்மேல் துண்டைப் போட்டு மூடினாள். அப்போதும் படித்தார். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்ற மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மனைவிக்குக் கண் உதவியாளர் சான்றிதழ்த் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கண் கிளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். சான்றிதழோடு வந்தால் பரிசோதனை அறைக்கு எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் கணவர்தான் நோயாளி. நடிக்கச் சொன்னால் போதும், உலகத்தில் இல்லாத வியாதியெல்லாம் அவருக்கு வந்துவிடும்.

“டாக்டரம்மா, என் கண்ணுல என்ன தெரியுது?”

“நான் பாத்ததை டாக்டர்கிட்ட சொல்றேன். டாக்டர் வந்து உங்ககிட்ட சொல்வார்.”

“அதான் நீங்களே பாத்துட்டீங்களே. உங்க அழகு மூஞ்சி தெரியுதுன்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

அதற்கும் தேர்வுப் புத்தகம் சொல்லும் விடை அதேதான். நோயாளி கெஞ்சினாலும் அழுதாலும் உதவியாளர் நோயின் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி அதையே சொன்னாள். அவர் கரண்டியைக் கழுவாமலே மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மதியம் அவரோடு வேலை பார்ப்பவர் போன் செய்தார். மெஷின் ரூமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். அவள் போட்டது போட்டபடி ஓடினாள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் அவருடைய வயதைக் கேட்டாள், என்ன மாத்திரை சாப்பிடுவார் என்று கேட்டாள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எப்படி இருக்கிறார் என்று இவள் கேட்டதற்கு, “டாக்டர் வந்து சொல்வாருங்க” என்றாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிடமும் இவள் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எதிர்க்கடைக்குப் போய் சோப்பு, துண்டு, டூத் பிரஷ் வாங்கி வந்தாள். அவருக்கு ஈறில் ரத்தம் வரும் என்பதால் மிருதுவான பிரஷ்ஷாகக் கேட்டு வாங்கினாள். திரும்பி வந்தபோது நர்ஸ் அந்தப் பையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, “உட்காருங்கக்கா” என்றாள்.

இருட்டத் தொடங்கியபோது டாக்டர் வந்தார். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போய், “இதுவரைக்கும் யாருமே உங்ககிட்ட சொல்லலியா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு அவள் மாதக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது சொன்னாள், பஸ்ஸில் வாய்க்குள் முணுமுணுத்தாள், யாருமில்லாத குளியலறையில் கெட்ட வார்த்தையில் சொன்னாள். செத்துப்போனவர் மேலும் சாவின் மேலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஈறு வலிக்குமே என்று ஒருத்தி கடைக்காரனோடு மல்லுக்கு நின்று பிரஷ் வாங்கிய மத்தியானம் முழுக்க, விஷயம் தெரிந்தவர்கள் அவளைச் சுற்றி நடமாடிக்கொண்டிருந்தார்களே, அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

அடுத்த முறை தேர்வு அறிவித்தபோது அண்ணன் வந்து தடுத்தான். உன் நிலைமைக்கு இப்போது பரீட்சை ஒரு கேடா என்றான்.

“என் நிலைமைக்குத்தான் பரீட்சை. பாஸ் பண்ணலேன்னா அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் உன் மருமகளுக்கு நீயா சோறு போடப் போறே?” என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

செய்முறைத் தேர்வு அதே பெரிய ஆஸ்பத்திரியில், மாடியில் நடந்தது. பார்வை அளந்தாள், இமையை மடக்கிப் பார்த்தாள், சொட்டு மருந்து விட்டாள். கை கல் மாதிரி இருந்தது. கடைசி மேசையில், நோயாளியாக நடிக்க ஓய்வு பெற்ற வாட்ச்மேன் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

“என் கண்ணுல என்னம்மா தெரியுது? பார்வை போயிடுமா?” என்றார் வாட்ச்மேன்.

அவள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தாள். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. சொன்னாள். வார்த்தை பிசகாமல் சொன்னாள். சொல்லும்போது அந்த நர்ஸின் குரல், அந்தக் குழைவும் இழுவையும் மாறாமல், தன் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டாள்.

“சரியா சொன்னீங்க” என்று தேர்வாளர் மார்க் போட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. “எப்ப வருவார் சார்?”

“யாரு?”

“டாக்டர். வந்து சொல்வாருன்னு சொல்லிட்டேன். எப்ப வருவார்? அதுவரைக்கும் இவரு என்ன செய்யணும்? கடைக்குப் போய் பிரஷ் வாங்கிட்டு வரணுமா?”

தேர்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. “அதெல்லாம் சிலபஸ்ல இல்லம்மா.”

“இல்லதான். நாங்க என்ன சொல்லக் கூடாதுன்னு பக்கம் பக்கமா இருக்கு. சொல்ல வேண்டியவர் எப்ப வரணும்னு ஒரு வரி இல்ல.”

வாட்ச்மேன் தலை குனிந்துகொண்டார். தேர்வாளர் பேனாவை மூடினார். “மார்க் போட்டாச்சு, எழுந்திருங்க. வெளியில ஆளுங்க காத்துட்டிருக்காங்க.”

“காத்துட்டுதான் இருப்பாங்க” என்றபடி எழுந்தாள்.

வெளியே போக வேறு வழியில்லை, அவசரப் பிரிவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பெஞ்சில் ஒருவர் மடியில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருக்கும் தம்பிக்கு டீ கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்டார். வேறொரு நர்ஸ்தான், சின்னப் பெண். டாக்டர் வந்து சொல்வார் என்றாள்.

“டாக்டர் எங்க?” என்று இவள் கேட்டாள். கேட்ட விதத்தில் அந்தப் பெண் மிரண்டுபோய் முகவாயால் எதிர்ப்பக்கக் கதவைக் காட்டினாள்.

இவள் நேராகப் போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே டாக்டர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

“பெஞ்சில ஒருத்தர் டீ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அவர்கிட்ட சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க.”

நீ யார் என்பது போல் அவர் முறைத்தார். அவள் நகரவில்லை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். இவள் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

அந்தக் கதவு பெஞ்சுக்கு நேர் எதிரே இருந்தது. தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினால் திறக்கும். அவள் பிரஷ் பையோடு காத்திருந்த அன்றைக்கும் அது அப்படித்தான் இருந்தது.