சங்குக்குப் பக்கத்து வார்டு

“லைட்டையும் அணைச்சாச்சு, ரேடியோவையும் நிறுத்தியாச்சு. அடுத்து எங்களை மூச்சு விடாதீங்கன்னு சொல்லுவீங்களாக்கும்,” என்றாள் நர்ஸ் ராஜகுமாரி.

“விடுங்க. மெதுவா விடுங்க,” என்றாள் கோகிலவாணி.

மற்ற இரண்டு நர்சுகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குறைமாதக் குழந்தைகளை எப்படித் தொடுவது, எப்போது தொடாமல் இருப்பது என்று சொல்லிக்கொடுக்க, கோயம்புத்தூரிலிருந்து இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள் கோகிலவாணி. நேற்று பொம்மையை வைத்துப் பயிற்சி. இன்று இந்த வார்டில் இருக்கும் ஜீவாவின் குழந்தை. ஏழாம் மாதத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் சில வாரம் இருந்து, இனி எடை கூடினால் போதும் என்று மலைக்குத் திரும்பி வந்தது. திடுக்கிட்டால் மட்டும் இன்னமும் மூச்சு விட மறந்துவிடும்.

“தான் பிறந்துட்டதே இதுக்கு இன்னும் தெரியாது. தூங்கறவங்க கனவுக்குள்ள செருப்போட போகக் கூடாதில்ல, அதுமாதிரி,” என்றாள் கோகிலவாணி.

ராஜகுமாரி குழந்தையின் துணியை மாற்றத் தொடங்கினாள். அதன் விரல்கள் விசிறிபோல விரிந்தன.

“நிறுத்துங்க. போதும்னு சொல்லுது.”

ராஜகுமாரி ஒரு கையைத் தலையிலும் மறு கையைப் பாதத்திலும் குவித்து வைத்து அப்படியே நின்றாள். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜீவா தன் விரல்களையும் விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குழந்தையை அவள் மார்போடு சேர்த்து வைத்துப் போர்த்தினார்கள்.

“இவ்வளவு அமைதியான வார்டை நான் கீழே பார்த்ததே இல்லை,” என்றாள் கோகிலவாணி.

“சுவருக்கு அந்தப் பக்கம் பாக்டரிங்க. தேயிலை விலை விழுந்ததும் மூடிட்டாங்க. வேலைக்காரங்க லைன் ஊடு பாதி பூட்டிக் கெடக்குது, எல்லாரும் திருப்பூருக்குப் போயிட்டாங்க. அந்த அமைதிங்க இது.” ராஜகுமாரி ஜீவாவைக் காட்டினாள். “இவ ஊட்டுக்காரரு பாண்டியன்தான் அங்க பாய்லர் பாக்கறவரு. புள்ளையப் பாக்க வர்றதைவிட பாக்டரி கேட்டுல நிக்கறதுதான் அதிகம்.”

“வேண்டுதலுங்க,” என்றாள் ஜீவா. “பாக்டரியைத் திறந்து சங்கு ஊதட்டும், அப்புறம் பேரு வைக்கலாங்கறாரு.”

மத்தியானம் சங்கு ஊதியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே யாரோ விசில் அடித்தார்கள். லைன் வீடுகளின் பக்கம் பெண்கள் சிரிப்பது பனிமூட்டத்துக்குள்ளிருந்து கேட்டது. ஜீவாவின் மார்பில் குழந்தையின் கைகள் விரிந்தன, விரிந்தபடியே நின்றன. உதடு நீலமானது.

கோகிலவாணி பாதத்தைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். சங்கு ஓய்ந்த பிறகுதான் குழந்தை மூச்சை இழுத்தது.

“மறுபடி எப்ப ஊதுவாங்க?”

“பாக்டரியைத் திறந்துட்டாங்கல்ல, இனி வேலை விடறப்ப, சாயந்தரம். நாளையில இருந்து காலையிலயும்.”

“வேற ரூம் இல்லையா?”

“இருக்குது. எல்லாம் ஒழுகுது.”

“காதுல பஞ்சு வைக்கலாங்களா?” என்றாள் இன்னொருத்தி. “கண்ணாடியே அதிர்ந்துச்சே,” என்றாள் கோகிலவாணி.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தாள். படுக்கை காலியில்லை. பாக்டரி ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் ஹெர்பர்ட் அவளை உட்கார வைத்துத்தான் பேசினார்.

“சங்கு ஊதலேன்னா, மறுபடி மூடிட்டாங்கன்னு மிச்சமிருக்கறவங்களும் மூட்டையைக் கட்டிருவாங்க மேடம். அவங்களுக்கும் குழந்தைங்க இருக்குது.”

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது வார்டு வாசலில் பாண்டியன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் கரி. ஆஸ்பத்திரி விதிப்படி கிசுகிசுப்பாகவே பேசினான்.

“கேட்டுச்சுங்களா சிஸ்டரம்மா? நாந்தான் ஊதுனேன். சாயந்தரம் சங்குக் கயித்த இன்னும் நீட்டமா இழுக்கறேன், அந்தப் பக்கம் எமரால்டு ஊரு வரைக்கும் கேக்கோணும்.”

ராஜகுமாரி கோகிலவாணியைப் பார்த்தாள்.

பாண்டியன் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

“பேரு வெச்சிரலாமா?”

ஜீவா வாங்கவில்லை. குழந்தையின் தலையிலும் பாதத்திலும் குவித்து வைத்த கைகளை எடுக்கவும் இல்லை.

“ஏனுங்க, சாயந்தரம் அந்தக் கயித்த இழுக்காம இருக்கறீங்களா?”