வெட்டிய வரிகள்

தெருவே 'காக்கூ', அதாவது சித்தி, என்று கூப்பிடும் குமுதினி கானிட்கருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது சதாசிவப் பேட்டை முழுக்கத் தெரிந்த விஷயம். அன்று காலை எதிர் வீட்டு கேதகி வாசலில் வந்து நின்றபோது கோபம்கூட வரவில்லை. பெண்ணின் நெற்றியிலும் கன்னங்களிலும் கொப்புளங்கள். சுற்றிலும் தோல் கன்றிக் கிடந்தது.

"பத்திரிகையில வந்த உங்க குறிப்புதான் காக்கூ. கடலை மாவு, தயிர், எலுமிச்சம்பழச் சாறு."

பின்னால் வந்த அம்மா ஷுபாங்கி பொரிந்தாள். "எதிர் வீட்டுக் காக்கூ எழுதினதுன்னு நம்பித்தானே பூசிக்கிட்டா? இப்ப தோல் டாக்டர், தழும்பு மறைய மாசக்கணக்காகும்ங்கறாரு!"

"பூசிக்கிட்டு எங்கடி இருந்தே?"

"மொட்டை மாடியில. அப்பளம் காய வெச்சிருந்தோம். காக்கா ஓட்டிக்கிட்டே மூஞ்சியையும் காய விட்டேன்."

"ஏப்ரல் வெயில்லயா? கூடாதுன்னு எழுதியிருந்தேனே!"

"இல்லையே காக்கூ."

குமுதினி அந்த வாரப் பத்திரிகையைப் பிரித்தாள். 'அடுக்களை அழகு' அவளுடைய பகுதி. மாவும் தயிரும் எலுமிச்சையும் இருந்தன. எச்சரிக்கையை மட்டும் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பழகுக் களிம்பு விளம்பரத்துப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். குமுதினிக்கு உச்சந்தலை வரை எரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள்.

ஆசிரியர் தாம்லே தேநீர் வரவழைத்தார். அவள் தொடவில்லை.

"கடைசி நேரத்துல விளம்பரம் வந்துடுச்சு காக்கூ. கொஞ்சம்தானே வெட்டினோம்? சமையலறைச் சாமான்தானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு..."

"எருக்கம்பால்கூட இயற்கைதான். கண்ணுல விட்டுக்கறீரா? ஒரு பொண்ணோட மூஞ்சிய்யா அது! வர்ற இதழ்லயே திருத்தம் போடும்."

"திருத்தம் போட்டா பத்திரிகை மேல இருக்கற நம்பிக்கை போயிடும் காக்கூ."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேநீரை எடுத்து மேசையில் கொட்டியிருப்பாள். கொட்டவில்லை. இந்த ஊரில் கோபம் வந்தால் அடிதடிக்கு யாரும் போவதில்லை. பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிடுவார்கள். அன்று மாலையே குமுதினியின் கேட்டில் பலகை தொங்கியது.

"இந்த வீட்டுக்காரி எழுதிய எலுமிச்சைக் குறிப்பில் பத்திரிகை வெட்டிய வரிகள்: எலுமிச்சை பட்ட முகத்தோடு வெயிலில் போகாதீர்கள். எதையும் முதலில் முழங்கை உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். எரிந்தால் உடனே கழுவுங்கள். இதற்கு இடமில்லாத பத்திரிகையில் பஜ்ஜி மடிக்கலாம்."

மறுநாள் கேட்டெதிரே கூட்டம். ஆளாளுக்குக் கைபேசியில் படம் எடுத்தார்கள். மதியத்துக்குள் படம் ஊரெல்லாம் சுற்றியது. தாம்லே ஸ்கூட்டரில் பறந்து வந்தார். அவள் அப்போது மங்கலாக விழுந்திருந்த எழுத்துகளுக்கு இரண்டாம் பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மானம் போகுது காக்கூ, கழட்டுங்க! யாருக்கு என்ன ஆச்சாம்? ஆதாரம் இருக்கா? பேரைச் சொல்லுங்க பார்ப்போம்!"

குமுதினியின் நாக்கு நுனியில் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் பெயரை நடுத்தெருவில் எப்படிச் சொல்வாள்? அவள் சொல்ல மாட்டாள் என்று தாம்லே புரிந்துகொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அறைந்து நிறுத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"கேதகி, உள்ளே வாடி!" என்று எதிர் மாடியிலிருந்து ஷுபாங்கி கத்தினாள்.

கேதகி அதற்குள் தெருவைத் தாண்டியிருந்தாள். கூட்டம் தானாக விலகியது. யார் முகத்தையும் பார்க்காமல் குமுதினியின் கையிலிருந்த தூரிகையை வாங்கினாள். பலகையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நிதானமாக எழுதினாள்.

"ஆதாரம்: கேதகி, எதிர் வீடு, முதல் மாடி. முகத்தைப் பார்க்க வரலாம். பரிதாபப்பட வருபவர்கள் மணி அடிக்க வேண்டாம்."