காற்று நுழையும் இடம்

மைத்துனன் லாரியின் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, டீசல் குழாயில் மாட்டியிருந்த பிரஷர் மீட்டரின் முள் சோர்ந்து கீழே இறங்கியது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் கையைத் துடைத்தான். கந்தலைத் தோளில் போட்டுக்கொண்டு, முள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லாரியின் மேல் அவன் வீடு இருந்தது. முழு வீடு இல்லை, பாதி. தையல் மெஷின், இரும்புக் கட்டில், பாத்திரங்களைக் கட்டிய சாக்கு, போர்வையில் சுற்றிய நிலைக்கண்ணாடி. பீரோவை மட்டும் மனைவி விட்டுவிட்டாள். அவன் துணிகள் அதில்தான் இருந்தன. காலையில் ஏற்றிக் கிளம்பிய வண்டி, பாலத்து ஏற்றத்தில் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. வேறு பட்டறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் தம்பிக்கு வண்டி கெட்டால் மாமாவிடம் போவதுதான் பழக்கம். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வண்டியை உருட்டிக்கொண்டு வந்து மாமாவின் பட்டறைக்குள் விட்டான். அவள் இறங்கி, சுவரோரம் கிடந்த பழைய வேன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடந்திருக்கவில்லை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை. குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. பட்டறையிலிருந்து வருவான், சாப்பிடுவான், படுப்பான். போன மாதம் ஒருநாள், பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபடியே அவள் சொன்னாள்: "எஞ்சின் லேசா இருமுனாக்கூட காதை வெச்சுக் கேக்குறீங்க. நான் வாய்விட்டுப் பேசுனாலும் உங்களுக்கு விழல. எனக்கு அலுத்துப்போச்சு." வெளியூரில் தையல் கம்பெனி வேலை, தம்பி வீட்டு மாடி என்று எல்லாவற்றையும் முடிவு செய்தபிறகுதான் சொன்னாள். அன்றைக்கு அவன் பதிலைத் தேடிக்கொண்டே தூங்கிப்போனான்.

ஃபில்டரை மாற்றியாகிவிட்டது. பம்பைக் கழற்றி வால்வுகளைப் பார்த்தான், பழுதில்லை. குழாய் நெடுகத் துடைத்துவிட்டுத் தடவினால் விரலில் ஈரமே இல்லை.

"இதுக்கும் உங்களுக்கும் ஒரே குணம் மாமா," என்றான் மைத்துனன். "என்னதான் கேட்டாலும் சொல்லாது." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சீட்டில் இருந்தவள் தலையைத் திருப்பவில்லை. "ஒரு சொட்டுகூட ஒழுகல. பிரஷர் பின்ன எங்கதான் போகுது?"

"வெளிய ஒண்ணும் போகல மாப்ள. உள்ள வருது."

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அங்கே வெடிப்பு விழுந்தால் எண்ணெய் சொட்டாது, காற்றைக் குடிக்கும். வெளியே பார்த்தால் காய்ந்து, சுத்தமாக, நல்லபடியாகத்தான் இருக்கும்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, பம்புக்கு முன்னால் இணைத்தான். காற்று புகுந்தால் அதில் குமிழி தெரியும். தம்பி பெடலை மிதிக்க வேண்டும், இவன் அடியில் படுக்க வேண்டும். குழாயைப் பார்க்க ஆள் இல்லை. அவன் கூப்பிடவில்லை. அவளே பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எதைப் பாக்கணும்?"

"குமிழி வருதான்னு."

அடியில் தவழ்ந்தான். எஞ்சின் ஓடியது. தலைக்கு மேலே தையல் மெஷினின் கால்கள் தட்டிக்கொண்டே இருந்தன. முன்பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாக அழுத்திக்கொண்டே பின்னால் போனான்.

"வருது," என்றாள். சற்றுப் பொறுத்து, "வருது."

டேங்குக்குப் பக்கத்தில் ரப்பர் வளைகிற இடம். வளைவின் அடிப்புறத்தில் நகம்கூட நுழையாத வெடிப்பு. கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

"வரல."

எஞ்சின் சத்தம் நிறைந்துகொண்டு வந்தது. விரலை எடுத்தான்.

"வருது."

அழுத்தினான்.

"வரல."

டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ரப்பர் துண்டும் கிளிப்பும் சட்டைப் பையிலேயே இருந்தன. பம்ப் போய்விட்டது, வெளியூர் அனுப்ப வேண்டும், நாளாகும் என்று சொல்லிவிடலாம். மைத்துனன் நம்புவான். பேச்சு வராத அவனுக்கு அந்த வாக்கியம் மட்டும் முழுதாக வந்து நின்றது. பிறகுதான் உறைத்தது: குமிழி நின்றதை அவள் பார்த்துவிட்டாள். நின்றதையும், வந்ததையும், மறுபடி நின்றதையும்.

"மாமா, சத்தம் சரியாயிருச்சே," என்று மேலிருந்து குரல் வந்தது. "கெடைச்சிருச்சா?"

செருப்புச் சத்தம் முன்பக்கத்திலிருந்து மெதுவாக வந்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது. அறுந்த வாரை என்றோ ஒருநாள் அவன் செம்புக் கம்பியால் கட்டிக் கொடுத்த செருப்பு. புதுசு வாங்கிக்கொள்ளாமல் இன்னும் அதையேதான் போட்டிருந்தாள்.

"எங்கன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். குனியவில்லை.

"ம்," என்றான். அது அவளுக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், புழுதி விழுந்தது. செருப்பு அங்கேயே நின்றது. எஞ்சின் இப்போது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவன் கட்டைவிரல் மரத்துக்கொண்டு வந்தது. எடுக்கவில்லை.