மூன்று வாரம் மங்காது

"அக்கா, ஊதவா?"

"ஊதினா காயாதுடி. விளக்குப் பெட்டிக்குள்ள கையை வை. அசைக்காதே."

தங்கை நகப்பூச்சுப் போட்ட வலக்கையைப் பெட்டிக்குள் நுழைத்தாள். உள்ளேயிருந்து கசிந்த ஊதா வெளிச்சம் அவள் தாடையில் விழுந்தது. "கடைக்காரம்மா, நான் டிப்ஸ் எல்லாம் குடுக்கிற ஆள் இல்ல. இப்பவே சொல்லிட்டேன்" என்று அக்காவைச் சீண்டினாள். மதியம் ஒருவரும் வராத நேரம். திங்கட்கிழமை முதல் அவளுக்குக் கைக்கடிகாரக் கடையில் வேலை. மூன்று வருடமாக ஊசி போட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஏறாத படியெல்லாம் ஏறி வாங்கிய வேலை.

"அங்க மூஞ்சியை யாரும் பார்க்க மாட்டாங்கக்கா. கடிகாரத்தை எடுத்துக் காட்டுற கையைத்தான் பார்ப்பாங்க."

"நல்லாப் பார்க்கட்டும். மூணு வாரம் மங்காது. ஒரு கீறல் விழுந்தா என் பேரை மாத்திக்கிறேன்."

அந்த நகப் பார்லரில் அக்காவுக்குப் பதினோரு வருடம். வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தால், கிருமி சாகச் சூட்டுப் பெட்டியில் வெந்து வந்த கருவிகளின் காகித உறையை அவர்கள் கண்ணெதிரே கிழிப்பாள். ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் தங்கை வாடிக்கையாளர் இல்லையே. வீட்டு ஆளுக்கு எதற்கு ஒரு உறையைப் பிரிப்பது என்று, முந்தி வந்த பெண்மணிக்குப் பயன்படுத்திக் கிண்ணத்து மருந்துத் தண்ணீரில் போட்டிருந்த கருவியையே எடுத்துத் துடைத்துக்கொண்டாள். வலது நடுவிரலின் நகக்கண்ணில் தோலைத் தள்ளும்போது ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பஞ்சால் ஒற்றினாள். அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை விரல் சிவந்து பளபளத்தது. "நகச்சுத்துடி. நான் பார்க்காத நகச்சுத்தா?" என்று வெந்நீரில் உப்புப் போட்டு முக்கி வைத்தாள். சீழ் தெரிந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தியும் விட்டாள். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை கையைப் பின்னால் மறைத்தபடியே வேலைக்குப் போய்வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை விரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

அக்கா கூட்டிப்போன பக்கத்து டாக்டர் சீழைக் கீறி எடுத்துக் கட்டுப் போட்டார். சிவப்பு முடிந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். "மாத்திரை எழுதியிருக்கேன். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. ஆமா, எப்படி ஆச்சு? பார்லர் கருவி ஏதாவது பட்டுச்சா? அதுக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து குடுக்கணும்."

தங்கை அக்கா பக்கமே திரும்பவில்லை. "இல்ல டாக்டர். நானேதான் பல்லால கடிச்சுட்டேன். சின்ன வயசுலேர்ந்து இந்தக் கெட்ட பழக்கம்."

பிறந்ததிலிருந்து ஒரு நகத்தைக்கூடக் கடிக்காதவள். அக்கா வாயைத் திறந்தாள். பிறகு மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "ஏண்டி பொய் சொன்னே?" என்றாள்.

"உன் வேலைக்கு வேட்டு வைக்கச் சொல்றியா? விடுக்கா. மாத்திரை தின்னா ஓடிப்போயிடும்."

மறுநாள் விடிந்தபோது சிவப்பு, பேனாக் கோட்டைத் தாண்டி முழங்கைக்குப் போயிருந்தது. உடம்பு அனலாய்க் கொதிக்க, பற்கள் கிட்டித்துக்கொண்டன. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக மருந்தை ஏற்றினார்கள். நர்ஸ், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் கருவியோடு வந்து இடக்கையைப் பிடித்துப் பார்த்தாள். "பாலிஷ் இருந்தா மெஷின் சரியாக் காட்டாதும்மா. ஒரு விரல்ல எடுத்தாப் போதும்." பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். அது அசையவில்லை.

"அது அப்படி வராது சிஸ்டர். அரத்தாலதான் தேய்க்கணும். என்கிட்ட இருக்கு."

அக்கா கைப்பையிலிருந்து புது அரத்தை எடுத்து உறையைக் கிழித்தாள். அந்தச் சத்தத்துக்குத் தங்கை கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் அதில் பழைய குறும்பு ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இப்பதான் கிழிக்கிறியாக்கா?"

அக்கா அந்த ஒரு நகத்தைத் தேய்த்து முடித்தாள். பதினோரு வருடப் பழக்கம், அரம் தோலில் படவே இல்லை. பிறகு நடைகூடத்துக்கு ஓடிப்போய், எதிரே வந்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடை, கிண்ணம், துடைத்த கருவி, வெந்நீர், அழுத்திய கட்டைவிரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க. மருந்தை மாத்துங்க டாக்டர். உங்க காலைப் பிடிக்கிறேன்."

அவர் உடனே மருந்தை மாற்றினார். சீழைச் சோதனைக்கு அனுப்பினார்.

"நேத்தே சொல்லியிருந்தா...?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார் டாக்டர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

அதன்பிறகு நாலு நாள். சிவப்பு தோள்வரை போனது. சிறுநீர் நின்றது. கருவியில் தெரிந்த எண்ணை மட்டும் அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்று கூடினால் மூச்சு விட்டாள், ஒன்று குறைந்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நர்ஸ் வந்து, தேய்த்த விரலிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

துணியால் மூடுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் எடுத்து மார்பின் மேல் வைத்தார்கள். மணிக்கட்டில் முதல் டாக்டர் போட்ட கோடு வியர்வையில் கரைந்து போயிருந்தது. கட்டுப் போட்ட விரலும் தேய்த்த விரலும் போக மீதி எட்டு. கூரை விளக்கு ஒவ்வொன்றிலும் சின்னதாய்த் தெரிந்தது. அக்கா ஒவ்வொரு நகமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.