அப்பாவோடு வந்த மோட்டார்

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செடெனாக் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தன்கதை எழுதிக் கொடுத்த மறுநாள், அந்தக் கதைகளில் பேசிய பொருள்கள் எல்லாம் தாமாகவே கிளம்பிப் போய்க் குப்பைத்தொட்டியில் விழுந்தன. அஷ்வினின் காலணிகள் ஜோடியாக நடந்து போயின. யுவனேஸ்வரியின் குடை, அன்று மழை என்பதால், விரித்தபடியே போனது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாசுகி டீச்சர் பதினோரு ஆண்டுகளாகத் தன்கதைக்கு ஒரே முடிவைத்தான் சொல்லிக் கொடுத்து வந்தார். 'நான் ஒரு குடை' என்று தொடங்கி, தொழிற்சாலையில் பிறந்து, கடைக்கு வந்து, ஓர் எஜமானர் கைக்குப் போய், உழைத்து, பழுதாகி, கடைசிப் பத்தியில் 'இன்று குப்பைத்தொட்டியில் கிடக்கிறேன்' என்று முடிக்க வேண்டும். அப்படி முடித்தவர்களுக்குத் தேர்வுப் புள்ளி தப்பாது. பொருள்கள் இந்த ஆண்டுதான் அதற்குக் கீழ்ப்படியத் தொடங்கின. பெற்றோர் இரண்டு நாள் திட்டினார்கள். மூன்றாம் நாள் முதல், தூக்கிப் போட ஆளில்லாமல் கிடந்த மெத்தை, ஓட்டை வாளி என்று தலைப்பை அவர்களே சொல்லி அனுப்பினார்கள்.

அதே வகுப்பு லோஷினிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. ஆசைப்பட்டு 'நான் ஒரு மோட்டார்' என்று தொடங்கிவிட்டாள். அவள் அப்பா ஜீவன் விடியுமுன்னே அந்த மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்புவார். ஓவர்டைம் முடித்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அப்பாவைப் பற்றித் தன்னைவிட மோட்டாருக்கு அதிகம் தெரியும் என்று அவள் நினைத்தாள். அதனால் ஒன்றரைப் பக்கம் மளமளவென்று வந்தது. கடைசிப் பத்தியில் பென்சில் நின்றுவிட்டது.

"குப்பைத்தொட்டின்னு எழுத மாட்டேன் டீச்சர். மோட்டார் போயிட்டா அப்பா வேலைக்கு எப்படிப் போவாரு? இப்பவே அவர ஞாயித்துக்கிழமதான் பாக்குறேன்."

"அப்ப நீயே முடிச்சுக்கோம்மா," என்றார் வாசுகி. வகுப்பில் அப்படி ஒன்றை அவர் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு, பதினோரு ஆண்டும் ஏன் சொல்லாமல் போனோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

லோஷினி எழுதினாள்: 'தினமும் மாலை ஏழு மணிக்கு நான் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.'

மறுநாள் ஏழு மணிக்கு மோட்டார் வந்தது. ஜீவன் வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஆளில்லாமல் ஜொகூர் பாலத்தைக் கடந்த மோட்டாருக்கு மற்ற மோட்டார்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்களாம்; ஜீவன் இரண்டு பஸ் மாறி, வழக்கத்தைவிடத் தாமதமாக வந்து சேர்ந்தார். அடுத்த நாளும் அப்படியே.

"மோட்டார் வந்துருச்சு, மனுசன் எங்கடி?" என்று கத்தினாள் அம்மா பிரவீனா. லோஷினி அழுதபடி நோட்டுப் புத்தகத்தை டீச்சரிடம் கொண்டு போனாள்.

வாசுகி அந்த வாக்கியத்தில் விரல் வைத்தார். "இங்க 'நான்'னா யாரும்மா?"

"மோட்டார்."

"அப்பா எங்க?"

லோஷினி விரலுக்குக் கீழே தேடிப் பார்த்தாள். அப்பா இல்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு 'நான்' பக்கத்தில் ஒரு கூரைக்குறி போட்டு, மேலே 'அப்பாவோடு' என்று எழுதினாள்.

வாசுகியின் சிவப்புப் பேனா உடனே கிளம்பியது. மோட்டார் எங்காவது அப்பா என்று சொல்லுமா, 'எஜமானர்' என்றல்லவா சொல்ல வேண்டும்? இந்தப் பிழைக்கு அவர் எத்தனையோ பேருக்குப் புள்ளி குறைத்திருக்கிறார். லோஷினியின் வீங்கிய கண்களைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அன்று ஐந்து மணிக்கு, சிங்கப்பூர்த் தொழிற்சாலை வாசலில் ஜீவனின் மோட்டார் 'ப்பா, ப்பா' என்று விடாமல் ஹார்ன் அடித்தது. காவலாளி உள்ளே ஓடி வந்து, "அண்ணே, சீக்கிரம் வாங்க லா, வெளிய உங்க பிள்ள கூப்பிடுது," என்றார். மேற்பார்வையாளருக்கும் பிள்ளைகள் உண்டு. ஜீவன் பெயரை ஓவர்டைம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஏழு மணிக்கு ஜீவன், மோட்டார் இருவரும் வீட்டில் இருந்தார்கள். லோஷினி அப்பாவிடம் பேச வேண்டியதைப் பேசித் தீர்க்கப் பத்து நாள் ஆயிற்று.

ஓவர்டைம் இல்லாததால் பிரவீனா இப்போது வாரத்துக்கு ஒரு முறைதான் மீன் வாங்குகிறாள். மழைக்காலத்தில் மோட்டாரைக் கூடத்தில், லோஷினியின் படிப்பு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். கோயிலில் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஜீவன், "ரெண்டு," என்கிறார். அதை யாரும் திருத்துவதில்லை.